அணியின் பெயரைக் கடைசியில் கேளுங்கள்: கவிதையில் உவமையையும் உருவகத்தையும் படிக்க, எழுதத் தொடங்குவோருக்கு

பள்ளித் தேர்வுத்தாளில் ஒரு குறளையோ நான்கு அடிப் பாடலையோ கொடுத்து, 'இதில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்று கேட்பார்கள். 'உவமையணி' என்று எழுதி, அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் பழக்கம் பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டு, அணியின் பெயர் தெரிந்ததும் கவிதையே புரிந்துவிட்டதாக அவர்கள் நின்றுவிடுகிறார்கள். கவிதை வாசிப்புக்குப் புதியவர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து படித்ததில் எனக்குத் தெரிந்தது, பெயரைக் கடைசிக்குத் தள்ளிவைத்துப் பொருளை முதலில் பார்க்கச் சொன்னால் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது என்பதுதான். கீழே வரும் படிகள் அந்த வரிசையில் அமைந்தவை.

தேவையானவை அதிகமில்லை. உரையோடு கூடிய குறுந்தொகைப் பதிப்பு ஒன்று இருந்தால் நல்லது. பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடுவதால் ஒரு நாளைக்கு ஒன்று எனப் படிக்க ஏற்றவை. உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட உரைப்பதிப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் பதவுரையும் கருத்தும் விளக்கமும் உண்டு. அதோடு ஒரு திருக்குறளும் கோடிட்ட நோட்டுப்புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: நாள்தோறும் பேசுவதைக் கவனியுங்கள்

அணிமொழி என்பது புலவர்கள் மட்டும் கையாளும் தனிச்சரக்கு என்று நினைத்தால் தொடக்கத்திலேயே தயக்கம் வந்துவிடும். ஊசிக்குக் காது, சீப்புக்குப் பல், குடத்துக்குக் கழுத்து, மேசைக்குக் கால் என்று நாம் சொல்வதெல்லாம் என்றோ யாரோ ஒருவர் உடம்பைப் பார்த்து அந்தப் பொருள்களுக்குச் சூட்டிய பெயர்கள்தாம். விலை ஏறுகிறது, வெயில் அடிக்கிறது, மனம் உடைகிறது. 'தலைக்கு நூறு ரூபாய் கொடுங்கள்' என்று கேட்பவர் தலையை மட்டும் நினைத்துக் கேட்பதில்லை. உறுப்பின் பெயர் முழு ஆளுக்கும் ஆகிவருவதால் அதைச் சினையாகுபெயர் என்று இலக்கணம் சொல்கிறது. 'ஊரே சிரித்தது' என்பதில் இடத்தின் பெயர் அங்குள்ள மக்களுக்கு ஆகிவருகிறது. ஒரு வாரம், வீட்டிலும் கடைத்தெருவிலும் காதில் விழும் இத்தகைய தொடர்களை நோட்டில் எழுதிவாருங்கள். இந்தப் படிக்கு இதற்குமேல் வேலை இல்லை.

இரண்டாம் படி: நான்கு உறுப்புகளைப் பிரித்தெழுதுங்கள்

உவமை எங்கே வந்தாலும் அதில் நான்கைத் தேட வேண்டும். கவிஞர் சொல்ல வந்த பொருள் எது, அதற்கு ஒப்பாகக் கொண்டுவந்தது எது, இரண்டையும் இணைக்கும் உருபு எது, இரண்டுக்கும் பொதுவான தன்மை எது என்பவையே அவை. முதலாவதை உவமேயம் என்றும் இரண்டாவதை உவமானம் என்றும் சொல்வார்கள். நான் இங்கே பொருள், உவமை என்றே எழுதுகிறேன். உருபுகளைப் பொறுத்தவரை, போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று நன்னூல் பன்னிரண்டைப் பட்டியலிட்டு, பிறவும் உண்டு என்கிறது. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'கடுப்ப', 'புரைய' போன்றவை பழைய பாடலில் எதிர்ப்பட்டால் 'போல' என்று மாற்றிப் படித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

788ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்.

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு

பொருள் நட்பு, உவமை, இடுப்பிலிருந்து ஆடை நழுவும்போது அதைப் பிடிக்கப் போகும் கை, உருபு 'போல'. பொதுத்தன்மை என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் 'உதவி' என்பார்கள். அது சரிதான், ஆனால் போதாது. ஆடை நழுவும்போது கைக்கு யாரும் கட்டளையிடுவதில்லை. 'பிடிக்கலாமா' என்று அது யோசிப்பதில்லை. பிடித்த பிறகு நன்றியை எதிர்பார்ப்பதுமில்லை. அது வேறொருவர் கையும் அன்று, தன் கையே. 'ஆங்கே' என்ற ஒரு சொல் விரைவை மட்டும் வெளியே காட்ட, மற்றவை எல்லாம் கை என்ற உவமைக்குள் மடிந்திருக்கின்றன. மானம் போகும் நேரத்தில் காப்பது என்பதும் அதில் உண்டு. 'உதவி' என்று எழுதிவிட்டு எழுந்தவர் இவ்வளவையும் இழந்துவிடுகிறார்.

மூன்றாம் படி: எந்த வகையில் ஒப்பு என்று கேளுங்கள்

'வினை பயன் மெய் உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்று தொல்காப்பிய உவமவியல் தொடங்குகிறது. ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவது செயலைக் கொண்டா, விளையும் பயனைக் கொண்டா, வடிவத்தைக் கொண்டா, நிறத்தைக் கொண்டா என்பதே கேள்வி. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோல வழங்கும் கை என்றால் பயன். உடுக்கை என்ற சிறு பறை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். மழைக்கும் கைக்கும் வடிவில் ஒப்பில்லையே என்று ஒருவர் தடுமாறினால், அவர் பயனைப் பார்க்க வேண்டிய இடத்தில் வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே உவமையில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து வருவதும் உண்டு என்பதால், பெட்டிக்குள் போட்டு மூடுவதற்காக அல்லாமல் எங்கே பார்ப்பது என்று கண்ணைத் திருப்புவதற்காக இந்த நான்கையும் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: சொல்லாமல் விட்ட ஒப்புமையைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பொதுத்தன்மையைக் கவிஞர் வெளிப்படையாகச் சொல்லாமல் விடும் உவமையைத் தொல்காப்பியம் 'சுட்டிக் கூறா உவமம்' என்று அழைத்து, அப்போது பொருளை எதிரே நிறுத்தி உவமையோடு பொருத்திப் பார்த்துக் கொள்ளுமாறு வழியும் சொல்கிறது. அந்த வழியைக் குறுந்தொகையின் 40ஆம் பாடலில் முயன்று பார்க்கலாம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நானும் நீயும் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோம்? ஆயினும் செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல நம் அன்புடை நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று தலைவன் சொல்கிறான்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் செம்மண், மழைநீர், கலப்பு என்றும் வலப்பக்கம் அவள், அவன், நெஞ்சங்கள் என்றும் எழுதுங்கள். பிறகு உவமையில் நடப்பதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மழைநீருக்குத் தன் நிறம் கிடையாது. மண்ணைத் தொட்ட பிறகு அதன் சிவப்பையே தன் நிறமாகக் கொள்கிறது. கலந்த நீரிலிருந்து அந்தச் சிவப்பைக் கையால் பிரித்தெடுக்க முடியாது. இவை எல்லோரும் சொல்பவை. ஆனால் பாடலின் முதல் மூன்று அடிகளோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: மழை வானத்திலிருந்து வருகிறது, மண் பூமியில் கிடக்கிறது, இரண்டுக்கும் முன்பின் உறவு ஏதுமில்லை. தாய்க்கும் தாய்க்கும், தந்தைக்கும் தந்தைக்கும் உறவில்லை என்று மூன்று அடியில் அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் அந்த நான்காம் அடியே விடையாகிறது. நடுவில் இருக்கும் 'பெயல்' என்ற சொல்லும் வீணாக நிற்கவில்லை. தேங்கிக் கிடந்த நீரையோ ஆற்று நீரையோ சொல்லாமல் அப்போது பெய்த நீரைச் சொல்லியிருப்பதால், இது இப்போதுதான் நிகழ்ந்த கலப்பு என்பதும் வந்துவிடுகிறது. பாடியவர் பெயர் தெரியாததால் இந்தத் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று தொகுத்தோர் குறித்துவிட்டார்கள். அடுத்த பாடலான 41ஐப் பாடியவரும் இப்படித்தான் 'அணிலாடு முன்றிலார்' ஆனார். ஆள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுவதைத் தனிமைக்கு உவமையாக்கியவர் அவர். ஒரு நல்ல உவமை அதை எழுதியவரின் இயற்பெயரையே விழுங்கிவிடும் என்பதற்கு இவ்விருவரும் சாட்சி.

இப்போது நீங்களே செய்து பார்க்க 58ஆம் பாடலின் இந்த அடிகள். வெள்ளிவீதியார் பாடியவை, காதல் நோயால் மெலிந்த தலைவன், தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம் சொல்வதாக அமைந்தவை.

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணிற் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற் கரிதே

வெயில் காயும் சூடான பாறையில் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் மட்டுமே காக்கிறான். வெண்ணெய் உருகிப் பரவுவதைப்போல இந்த நோய் பரவுகிறது. பக்கத்தை மறுபடியும் பிரித்துக்கொண்டு, வெண்ணெய் எது, பாறை எது, ஊமன் யார், அவன் கூவ முடியாததற்கும் எடுத்துவைக்க முடியாததற்கும் தலைவனிடத்தில் எதிரீடு என்ன என்று எழுதுங்கள். பாறைக்கு எதிரே எதை எழுதுவது என்பதில் உங்களுக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம். பாடலின் சொற்கள் தாங்கும் வரையில் இரண்டு பொருத்தங்களும் நிற்கலாம்.

ஐந்தாம் படி: 'போல' மறைந்த இடத்தை அறியுங்கள்

மதிமுகம் என்றால் மதி போன்ற முகம். உருபு மறைந்திருப்பதால் அது உவமைத்தொகை. முகமதி என்று முறை மாறினால் முகமாகிய மதி. அங்கே ஒப்பு என்பது போய் முகமும் மதியும் ஒன்றே என்றாகிவிடுகிறது. அதுவே உருவகம். மலர்விழி, விழிமலர் என்பவற்றையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். புதியவர்கள் இதை வெறும் சொல்லாட்டமாக நினைப்பார்கள். வேறுபாடு உண்மையில் பெரியது: உவமையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, உருவகத்தில் ஒன்று மற்றொன்றின் சட்டதிட்டங்களுக்குள் போய்விடுகிறது. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்' என்ற 10ஆம் குறளில் பிறவியைக் கடல் என்று சொன்னவுடன், வாழ்வது நீந்துவதாகிறது. சேராதவர் கரையேறாமல் தத்தளிப்பவர் ஆகிறார். ஆனால் கடலைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்று வள்ளுவர் உருவகிக்கவில்லை. அதைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள விட்டுவிட்டார். ஒரு பகுதியை உருவகித்து, தொடர்புடைய மற்றொன்றை உருவகிக்காமல் விடுவதை ஏகதேச உருவகம் என்பார்கள். பெயரைவிட அந்த விட்டுவைத்தல் முக்கியம். எழுதும்போது அது கைகொடுக்கும்.

ஆறாம் படி: நிலக்காட்சியைச் சந்தேகியுங்கள்

அகப்பாடலில் ஒரு மீனோ குருகோ மரமோ வந்தால், அது அலங்காரத்துக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டு படியுங்கள். குறுந்தொகை 8இல் ஆலங்குடி வங்கனார் இரண்டு வகையையும் ஒரே பாடலில் வைத்திருக்கிறார்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுபவள் தலைவனின் காதற்பரத்தை, அதாவது மனைவியல்லாமல் அவன் காதல்கொண்டு பழகும் பெண். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம்போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். ஆடிப்பாவை வெளிப்படையான உவமை, 'போல' இருக்கிறது. ஆனால் முதல் இரண்டடியில் வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தைப் பொய்கை வாளைமீன் கவ்வுகிறதே, அங்கே 'போல' இல்லை. அவனுடைய ஊர் எத்தகையது என்ற வருணனைபோலவே அது நிற்கிறது. அதற்குள்தான் அவள் தன் வழக்கை வைத்திருக்கிறாள்: பழம் தானாக விழுந்தது, மீன் மரமேறிப் பறிக்கவில்லை, அவன் தானாக வந்தான், நான் தேடிப்போகவில்லை. இதுதான் உள்ளுறை உவமம். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, நீர் முதலியவற்றை இடமாகக்கொண்டு அது அமையும் என்பது தொல்காப்பிய மரபு.

ஓர் எச்சரிக்கை. உள்ளுறை தெரிந்துகொண்ட புதிதில், காணும் காக்கையிலெல்லாம் தலைவியைத் தேடும் காய்ச்சல் வரும். பாடலைப் பேசுபவர் யார், யாரிடம், எந்த நிலையில் என்ற மூன்றுக்கும் நீங்கள் கண்ட பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் காக்கையைக் காக்கையாகவே விட்டுவிடுவது நல்லது.

மற்ற அணிகளில் இரண்டை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை 'வாராதே' என்று கைகாட்டித் தடுப்பதாகச் சிலப்பதிகாரம் சொல்வது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று 475ஆம் குறள் உவமையை மட்டும் சொல்லிப் பொருளைச் சொல்லாமல் விடுவது பிறிது மொழிதல். மற்றவற்றை அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஏழாம் படி: எழுதிப் பாருங்கள்

என் முதல் கவிதையில் 'நிலவு போன்ற முகம்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஆசிரியர், 'எந்தத் திதி நிலவு?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் நிலவைப் பார்த்து எழுதவில்லை. வேறு கவிதைகளைப் பார்த்து எழுதியிருந்தேன். நிலாமுகம், மான்விழி, முத்துப்பல் ஆகியவை ஒரு காலத்தில் யாரோ கண்ணால் கண்டு எழுதியவை. இன்று அவை பழைய நாணயம்போலத் தேய்ந்து, எண்ணிக்கைக்கு இருக்கின்றனவே தவிர உருவம் தெரிவதில்லை.

உவமை, பொருளைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கருத்தில் 'உயர்ந்ததன் மேற்றே' என்று உவமவியல் சொல்வதைக் கேட்டு, கடலையும் இமயத்தையும் தேடிப் போகிறவர்கள் உண்டு. மேலே நாம் பார்த்தவை கை, மழைநீர், வெண்ணெய், முகம்பார்க்கும் கண்ணாடி. பொருளின் அளவில் உயர்வு தேவையில்லை, சொல்லவந்த அந்தத் தன்மை உவமையில் மிகுந்து விளங்கினால் போதும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஒருவருடைய அழைப்புக்காகக் காத்திருப்பதை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'கடல்போல் காத்திருக்கிறேன்' என்று எழுதினால் கடல் எதற்காகவும் காத்திருப்பதில்லை, வினையில் ஒப்பில்லை. ஆகவே வினையிலிருந்தே தொடங்கி, வீட்டில் நாம் எதற்காகவெல்லாம் காத்து நிற்கிறோம் என்று பட்டியலிடுவோம்: தண்ணீர் லாரி, பேருந்து, குக்கர் விசில், அடுப்பில் பால். பால் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது. ஒரு கணம் திரும்பினால் பொங்கிவிடும். தவறவிட்ட அழைப்பும் அப்படித்தான்.

அடுப்பில் வைத்த பாலருகே
நிற்பவள்போல் நிற்கிறேன்
உன் அழைப்புக்கு.

இது உவமை. உருவகமாக்கிப் பார்ப்போம் என்று 'காத்திருப்புப் பால்' என எழுதினால் கெட்டுவிடுகிறது; காத்திருப்பது ஆள், பால் அன்று. எல்லா உவமையையும் உருவகமாகச் சுருக்க முடியாது, சுருக்கவும் வேண்டாம். அடுத்து, 'போல'வையும் 'அழைப்பு' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்லிப் பார்க்கலாம்.

பாலை வைத்துவிட்டுக்
கைபேசியையே பார்த்திருந்தாள்.
திரும்பியபோது
பொங்கி வழிந்து
அடுப்பு அணைந்திருந்தது.

இப்போது அழைப்பு வந்ததா என்றும் தெரியாது, யாருடைய அழைப்பு என்றும் தெரியாது. அணைந்தது அடுப்பு மட்டுந்தானா என்று படிப்பவர் கேட்டுக்கொள்வார். முதல் வடிவமே உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மறைத்துச் சொல்வது எப்போதும் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

எழுதி முடித்ததைச் சரிபார்க்கும்போது உருவகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று முதலில் பாருங்கள். 'வாழ்க்கைக் கடலில் நம்பிக்கை விதை முளைத்துத் தீபமாய் ஒளிர்ந்தது' என்பது போன்ற வரி மேடையில் கைதட்டல் வாங்கலாம், தாளில் நிற்காது. கடலில் விதை முளைப்பதில்லை, முளைத்த விதை எரிவதுமில்லை. கடலை எடுத்தால் படகு, கரை, உப்பு, அலை என்று அதே குடும்பத்துக்குள் இருங்கள். அடுத்து, ஒவ்வொரு 'போல'வுக்குக் கீழும் பென்சிலால் கோடிட்டு எண்ணுங்கள். பத்து வரிக் கவிதையில் நான்கு இருந்தால் மூன்றை அடித்துவிடுங்கள். எது நிற்க வேண்டும் என்று தெரியாவிட்டால் உரக்கப் படியுங்கள், எந்த உவமையை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்களோ அந்த இடத்தில் குரல் தானாக மெதுவாகும். எஞ்சிய உவமையை நோட்டில் நடுக்கோடிட்டு, செம்புலப் பெயல்நீருக்குச் செய்ததைப்போலவே பொருத்திப் பாருங்கள். வலப்பக்கம் ஒரே ஒரு சொல்லோடு நின்றுவிட்டால், இன்னும் சில நாள் அந்தப் பொருளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.